கொழும்புக் கரையில் தூண்டிலும் நண்டு வலையும்

விடுமுறைக்கு வெள்ளவத்தையிலோ தெகிவளையிலோ வந்து தங்குகிறவர்களுக்குக் கடல் ஐந்து நிமிட நடைதான். காலி வீதியிலிருந்து ஒழுங்கையால் இறங்கினால் மரைன் டிரைவ், அதைத் தாண்டினால் தண்டவாளம், பிறகு கருங்கல், பிறகு தண்ணீர். புறக்கோட்டையில் புதிதாகத் தூண்டில் வாங்கிக்கொண்டு வந்தவர் அந்தக் கல்லில் ஏறி நின்று செய்கிற முதல் வேலை, உடம்பிலுள்ள பலத்தையெல்லாம் கூட்டி எழுபது எண்பது மீற்றருக்கு எறிவது. பக்கத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக் குந்தியிருக்கும் பெரியவர் இருபது மீற்றருக்கு அப்பால் எறிவதேயில்லை. பையில் மீனோடு வீட்டுக்குப் போகிறவர் அனேகமாக அவராகத்தான் இருப்பார்.

அலை கல்லில் அடிக்கும்போது பாசியும் சிறு நண்டும் கூனியும் பிய்ந்து நுரைக்குள் விழுகின்றன. அதைத் தின்னச் சின்ன மீன் வருகிறது, சின்னதைத் தின்னப் பாரை வருகிறது. நுரை அவற்றுக்கு மறைப்பும் கூட. மணல் கரையிலும் இதே கதைதான்: அலை உடைகிற இடத்துக்கும் கரைக்கும் நடுவே ஒரு வாய்க்கால்போலத் தண்ணீர் கொஞ்சம் கறுத்துத் தெரியும், கிழங்கான் மேய்வது அதற்குள்ளே. தூர எறிந்தால் இரை மீனின் தலைக்கு மேலால் போய் வெறும் மணலில் கிடக்கும். ஆகவே முதல் எறிவை எப்போதும் கிட்ட எறியுங்கள். பத்து நிமிடம் ஒன்றும் கடிக்காவிட்டால் ஐந்து மீற்றர் தள்ளி எறியுங்கள்.

எப்போது போவது

மேற்குக் கரைக்கு நல்ல காலம் நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நேரே இந்தக் கரையில்தான் வந்து அடிக்கும். கல்லில் நிற்க முடியாது, தண்ணீர் கலங்கிச் சேற்று நிறமாக இருக்கும், எறிகிற ஈயமெல்லாம் உருண்டு கரைக்கே திரும்பி வரும். அந்த மாதங்களில் வந்தவர்கள் கடலை விட்டுவிட்டு நீர்கொழும்புக் களப்புக்கோ பொல்கொட ஏரிப் பக்கமோ நண்டுக்குப் போவது புத்தி. வானொலியில் வானிலை அறிக்கையின் கடைசிப் பகுதியைத் தவற விடாதீர்கள். ‘புத்தளத்திலிருந்து கொழும்பு, காலி ஊடாக ஹம்பாந்தோட்டை வரையான கடற்பரப்பு’ என்று தொடங்கிக் கொந்தளிப்பு என்று முடிந்தால் அன்று கல்லுக்குப் போகாதீர்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னல் வரும். கார்பன் தடி மின்சாரம் கடத்தும். முதல் முழக்கம் கேட்டதும் தடியைக் கீழே வைத்துவிட்டு ஏறி வாருங்கள்.

கடலின் வற்றும் பெருக்கும் கொழும்பில் சிறியவை. பெரிய பெருக்கிலும் வித்தியாசம் முக்கால் மீற்றருக்குள்தான். ஆனால் கல்லின் அடி நனைவதும் காய்வதும் அந்த முக்கால் மீற்றருக்குள்ளேதான் நடக்கிறது, மீனுக்கு அது போதும். பெருக்கின் கடைசி இரண்டு மணித்தியாலமும் வற்றத் தொடங்கும் முதல் ஒரு மணித்தியாலமும் நல்ல நேரம். பெருக்கு ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தும். இன்று காலை 6 மணிக்கென்றால் நாளை 7 மணிக்குக் கிட்ட. கொழும்புக்கான வற்றுப்பெருக்கு அட்டவணையை நீர்வள ஆராய்ச்சிக்கான அரச நிறுவனமான நாரா வெளியிடுகிறது. அது கையில் இல்லாவிட்டாலும் சுவர்க் கலண்டர் உதவும். போயா என்றால் பூரணை, பூரணை என்றால் பெரிய பெருக்கு. அமாவாசைக்கும் அப்படித்தான். உச்சப் பெருக்கு பூரணைக்கு ஒன்றிரண்டு நாள் பிந்தியே வருவதால் போயாவுக்கு மறுநாள் போவது இன்னும் நல்லது. போயா அன்று அயலில் சில் என்னும் பௌத்த நோன்பு எடுக்கிறவர்கள் பார்த்திருக்க மீனைத் துடிக்க விடுகிற சங்கடமும் தவிரும்.

பெருக்கும் விடிகாலையும் ஒன்றாக வருகிற நாள் கிடைத்தால் விடாதீர்கள். விடிய 5.30 முதல் 8 வரை, பின்னேரம் 4.30 முதல் இருட்டும் வரை. நடு மத்தியானத்தில் எரிக்கும் வெயிலில் நின்று கிடைப்பது தலையிடி மட்டும்.

எங்கே

வெள்ளவத்தை முதல் கல்கிசை வரையுள்ள கரையில் கல்லும் மணலும் மாறி மாறி வரும். கல் இடத்தில் ஓரா, கீளி, சிறு பாரை. மணல் இடத்தில் கிழங்கான், கெளிறு, மணலை. கல்கிசை மணல் நல்லது, ஆனால் காலை 7 மணிக்குப் பிறகு குளிக்கிற சனம் வந்துவிடும். ஆள் குளிக்கிற இடத்தில் தூண்டில் எறியவே கூடாது. கரைவலை வளைக்கும் தோணியைக் கண்டால் வலைக்குள் விழாமல் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போங்கள்; அது அவர்களுடைய பிழைப்பு. துறைமுக எல்லைக்கும் கடற்படை இடங்களுக்கும் அருகே தடியோடு நிற்க வேண்டாம்.

வெள்ளவத்தை, தெகிவளைக் கால்வாய்கள் கடலில் விழும் இடங்களில் மீன் கூட்டமாக நிற்கும். விளையாட்டுக்குப் பிடிக்கலாம், சமைக்க வேண்டாம். அந்தத் தண்ணீரில் நகரத்தின் கழிவெல்லாம் இருக்கிறது. களனி ஆறு விழும் முகத்துவாரம், காக்கைத்தீவுப் பக்கத்துக்கும் இது பொருந்தும். பெருமழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் எந்தக் கால்வாய்க்கும் கிட்டப் போகாமல் இருப்பது நல்லது.

தண்டவாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரையோரம் இருபாதையாகப் போகிறது. அலைச் சத்தத்தில் ரயில் சத்தம் கேட்காது. ஒரு ரயில் போய்விட்டது என்று காலை வைக்கும்போது மற்றப் பக்கத்தால் அடுத்தது வரும். கடவை உள்ள இடத்தால் மட்டும் கடவுங்கள், தடியைக் கிடையாகப் பிடிக்காமல் நிமிர்த்திப் பிடியுங்கள், காதில் ஹெட்போன் வேண்டாம். தண்டவாளத்தின் மேல் நடந்து போவது சட்டப்படியும் குற்றம்.

கல்லில் இறங்குமுன் கால் மணித்தியாலம் மேலே நின்று கடலைப் பாருங்கள். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. சின்னச் சின்னதாகப் பத்துப் பதினைந்து வந்தபின் மூன்று நான்கு பெரியவை கூட்டமாக வரும். அந்தப் பெரியவை எதுவரை ஏறுகின்றன என்பதுதான் உங்கள் எல்லை. கறுத்து நனைந்திருக்கும் கல்லுக்கு அலை வருகிறது என்று அர்த்தம். பச்சைப் பாசி பிடித்த கல்லில் எந்தச் செருப்பும் நிற்காது, பாட்டாவோடு போகவே போகாதீர்கள். கட்டுகிற சப்பாத்து வேண்டும்.

வாங்க வேண்டியவை

புறக்கோட்டையிலும் நீர்கொழும்பிலும் மீன்பிடிச் சாமான் கடைகள் உண்டு. விடுமுறைக்கு வந்தவர் பெரிதாகச் செலவழிக்கத் தேவையில்லை. 9 அடி அல்லது 10 அடி ஃபைபர் தடி ஒன்று, 4000 இலக்க ஸ்பின்னிங் ரீல், 0.35 மில்லிமீற்றர் தங்கூசி (நைலோன் நூல்) 200 மீற்றர், முள்ளுக்கு முன்னால் வரும் முன்கண்ணிக்கு 0.50 மில்லிமீற்றர் தங்கூசி ஒரு சுருள். தூண்டில் முள் இலக்கம் 8, 4, 1 என்று ஒவ்வொன்றிலும் பத்து. இலக்கம் கூடக்கூட முள் சிறியது; 1/0, 2/0 என்று எழுதியிருந்தால் அங்கிருந்து பெரிதாகிக்கொண்டு போகும். 40, 60 கிராம் ஈயக்கட்டிகள், நூல் முறுக்காமல் சுழன்று கொடுக்கும் சில சுழலிகள், நுனி மூக்குக் குறடு, சிறு கத்தி, தலையில் கட்டும் ரோர்ச், பழைய துவாய் ஒன்று. தடி வாங்க மனமில்லாதவருக்குத் தண்ணீர்ப் போத்தலில் சுற்றிய 0.50 தங்கூசி 50 மீற்றர் போதும். கிட்ட எறிந்தால் மீன் அங்கேதான் இருக்கிறது என்று முன்னமே சொன்னோம். தங்கூசியில் பின்னிய வலை மட்டும் வேண்டாம். அது இலங்கையில் தடை.

ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை, சரிசெய்யாமல் எறிவதால் அறுகிற நூல் கொஞ்சமல்ல. 0.35 தங்கூசி ஏழெட்டுக் கிலோ தாங்கும், முடிச்சுப் போட்டால் அதில் குறையும், கல்லில் உரசினால் இன்னும் குறையும். அளப்பதற்கு ஒரு வழி: நிறையத் தண்ணீர் கொண்ட ஒன்றரை லீற்றர் போத்தலை நூல் நுனியில் கட்டித் தடியை மெதுவாக உயர்த்துங்கள். போத்தல் நிலத்தை விட்டு எழும்பிச் சற்று நேரத்தில் ரீல் கிறுகிறுவென்று நூலை விட வேண்டும். விடாமல் போத்தல் அப்படியே தொங்கினால் டிராக் இறுக்கம். போத்தல் எழும்பவே இல்லையென்றால் தளர்வு.

முடிச்சும் கண்ணியும்

ஒரேயொரு முடிச்சைச் சரியாகப் பழகினால் போதும். நூலை முள்ளின் காதுக்குள்ளால் 12 செ.மீ. இழுத்து எடுங்கள். அந்த நுனியை முதன்மை நூலைச் சுற்றி ஐந்து முறை சுற்றுங்கள். காதுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வளையம் உண்டாகியிருக்கும், நுனியை அதற்குள்ளால் விடுங்கள். இப்போது மேலே பெரிய வளையம் ஒன்று கிடைத்திருக்கும், அதற்குள்ளாலும் விடுங்கள். இனித்தான் முக்கியம்: வாயில் வைத்து நனைத்துவிட்டு மெதுவாக இறுக்குங்கள். காய்ந்தபடி இறுக்கினால் உரசல் சூட்டில் தங்கூசி வெந்து பலம் போய்விடும். மிச்ச நுனியை 3 மில்லிமீற்றர் விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் உருவிக்கொள்ளும்.

மீன் போய்விட்டதா, அறுந்த நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பன்றி வால்போலச் சுருண்டிருந்தால் முடிச்சு உருவியிருக்கிறது, சுற்று காணாது. முடிச்சடியில் வெட்டினாற்போல நேராக அறுந்திருந்தால் நனைக்காமல் இறுக்கியது. நுனியும் அதற்கு மேலே அரை மீற்றரும் சொரசொரவென்று இருந்தால் கல்லில் உரசியது. அந்த உரசிய நீளத்தை முழுக்க வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். மனம் வராமல் அதே நூலில் மறுபடி கட்டுகிறவர் அடுத்த மீனையும் கடலுக்குக் கொடுப்பார்.

மணலுக்கு ஓடும் ஈயக் கண்ணி. முதன்மை நூலில் 40 கிராம் துளை ஈயத்தைக் கோருங்கள், பிறகு ஒரு பாசிமணி, பிறகு சுழலி. சுழலியின் மறுபக்கம் 50 செ.மீ. நீளத்துக்கு 0.30 தங்கூசியும் முள்ளும். கிழங்கானுக்கு இலக்கம் 8, கெளிறுக்கும் பாரைக்கும் 1. கிழங்கான் பயந்த மீன். ஈயத்தின் கனம் அதற்குத் தெரியாமல் நூல் ஓடவேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

கல்லுக்கு ஈயமே எதிரி. அடியில் விட்ட ஈயம் இடுக்கில் போய்ச் சொருகிக்கொள்ளும். இரண்டு வழி உண்டு. ஒன்று, ஈயத்தை முதன்மை நூலில் கட்டாமல் 0.20 தங்கூசித் துண்டொன்றில் 30 செ.மீ. கீழே தொங்க விடுவது. மாட்டினால் அந்த மெல்லிய துண்டு மட்டும் அறும், முள்ளும் மீனும் வரும். ஈயத்துக்குப் பதிலாகக் கராஜில் எறிகிற பழைய ஸ்பார்க் பிளக்கைக் கட்டினால் போனாலும் வயிறு எரியாது. மற்ற வழி மிதப்பு. பழைய பாட்டாச் செருப்பில் தீப்பெட்டி அளவு துண்டு வெட்டித் துளையிட்டு நூலில் கோர்த்து, அதன் கீழே ஒரு மீற்றரில் முள்ளும், முள்ளுக்கு ஒரு சாண் மேலே 5 கிராம் ஈயமும். நுரை ஓரத்தில் இதை மிதக்க விட்டால் ஓராவும் முரலும் வரும். செருப்பு மிதப்பைப் பார்த்துக் கடைக்காரர் சிரிப்பார். மீன் சிரிக்காது.

இரை

பச்சை இறால்தான் எல்லாவற்றுக்கும் பொது. தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு வால் பக்கமிருந்து முள்ளை ஏற்றி, நுனி வயிற்றுப் பக்கம் வெளியே தெரிய நிறுத்துங்கள். முள் நுனி இரைக்குள் புதைந்திருந்தால் மீன் கடிக்கும், மாட்டாது. கால் கிலோ இறால் இரண்டு பேருக்கு ஒரு காலைப்பொழுதுக்குக் காணும். கொதித்த தண்ணீர் காட்டிய இறாலோ, பல நாள் ஐஸில் கிடந்து மஞ்சளித்த இறாலோ முள்ளில் நிற்காது, எறியும்போதே கழன்று பறக்கும்.

கணவாயை ஒரு விரல் அகலம், ஆறு செ.மீ. நீளத்துக்கு வெட்டினால் சின்ன மீன் பிய்க்க முடியாத இரை கிடைக்கும். கீளி தொந்தரவு கூடிய நாளில் அதுதான் கை கொடுக்கும். சாளை, சூடைத் துண்டுகளுக்கு முதல் நாள் இரவே கல்லுப்பு போட்டு வைத்தால் இறுகிவிடும். ஓராவுக்கும் மணலைக்கும் இறைச்சி இரையில் அவ்வளவு ஆசையில்லை. ரோஸ் பாணின் உள் மாவைக் கொஞ்சம் கடல் தண்ணீரில் பிசைந்து, பட்டாணிக் கடலை அளவு உருண்டையாக இலக்கம் 8 முள்ளில் ஒட்டுங்கள். சந்தேகம் வந்தால் பக்கத்தில் நிற்பவரின் இரையை எட்டிப் பாருங்கள், அல்லது கேளுங்கள். சிங்களத்தில் இரையை ‘எம’ என்பார்கள். அந்த ஒரு சொல்லும் ஒரு சிரிப்பும் போதும், பெரும்பாலும் அவர் தன் பையிலிருந்தே ஒரு பிடி தருவார்.

எறிவதும் இழுப்பதும்

எறியுமுன் திரும்பிப் பின்னால் பாருங்கள். மரைன் டிரைவில் நடக்கிறவர், கடலை விற்கிறவர், கைப்பேசியோடு படமெடுக்கிற சோடி எல்லாரும் உங்கள் முள்ளின் வட்டத்துக்குள்தான் நிற்பார்கள். விழுந்த பின் நூலின் தளர்வைச் சுருட்டி, தடி நுனி மெல்ல வளைந்து நிற்கும்படி வையுங்கள்.

டக்டக்கென்று விடாமல் கொத்துவது கீளி அல்லது குஞ்சு மீன். அதற்கு வெட்டி இழுத்தால் வெறும் முள்தான் வரும். இரண்டு கொத்து, பிறகு ஓர் அமைதி, பிறகு தடி குனிகிறது: அதுதான் மீன். அப்போதும் வெறிபிடித்தாற்போல் இழுக்காமல் தடியை உறுதியாக நிமிர்த்தினாலே போதும். திடீரென்று நூல் தொய்ந்தால் மீன் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். உங்களை நோக்கி ஓடி வருகிறது, வேகமாகச் சுருட்டுங்கள். ஒரு கொத்தும் தெரியாமல் ஐந்து நிமிடத்தில் முள் துடைத்து வந்தால் அடியில் நண்டு இருக்கிறது. அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

கல்லில் மாட்டினால் தடியை வளைத்து இழுக்காதீர்கள், தடிதான் முறியும். நூலைத் தளர்த்தி நுனியை ஆட்டுங்கள், ஐந்து மீற்றர் இடப் பக்கமும் வலப் பக்கமும் நடந்து போய் இழுத்துப் பாருங்கள். வரவே வராவிட்டால் தடியை நூலின் நேரே நீட்டி, துவாயில் நூலைச் சுற்றிப் பின்னால் நடங்கள். வெறுங்கையில் சுற்றினால் தங்கூசி தசைக்குள் இறங்கும்.

பெரிய மீனைக் கரை சேர்ப்பது அலையின் வேலை. பின்வாங்குகிற அலைக்கு எதிராக இழுத்தால் கனம் இரட்டிப்பாகி நூல் அறும். அடுத்த அலை வரும்வரை பிடித்துக்கொண்டிருந்து, அது தூக்கும்போது பின்னால் நடந்தால் மீன் தானாக ஏறிவரும். மீனை எடுக்கக் கல்லின் கீழ்ப்படிக்கு இறங்க வேண்டாம்.

கையைக் குத்துபவை

கெளிறின் முதுகு முள்ளும் இரண்டு செட்டை முட்களும் விஷம். ஓராவின் முதுகு வயிற்று முட்களும் அப்படியே. துவாயால் பொத்திப் பிடித்துக் குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில், ஏறக்குறைய 45 பாகை, அரை மணி முதல் ஒன்றரை மணித்தியாலம் வரை கையை வையுங்கள். அந்த விஷம் சூட்டில் கெடுவதால் கடுப்புத் தணியும். சூடு பார்ப்பதற்குக் குத்தாத கையை முதலில் விட்டுப் பாருங்கள். கடுப்புக்கு மரத்த கைக்கு வெந்தாலும் தெரியாது. வீக்கம் ஏறினாலோ மூச்சு முட்டினாலோ 1990 சுவசெரிய அம்புலன்ஸ்.

பேத்தை வயிறு ஊதி வருவதைப் பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுக் கடலில் விடுங்கள். அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் உள்ள நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் போகாது, ஆளைக் கொல்லும்.

நண்டு

கடல் மணலில் வருவது நீலக்கால் நண்டும், ஓட்டில் மூன்று கண்போலப் புள்ளி உள்ள நண்டும். களப்புச் சேற்றிலும் கண்டல் வேரிலும் இருப்பது களி நண்டு, சிங்கப்பூருக்குப் பெட்டி பெட்டியாக ஏறுவது இதுதான். களி நண்டுக்கு நகரக் கரை சரிப்படாது. வடக்கே நீர்கொழும்புக் களப்பு, தெற்கே பொல்கொட நீர் கடலோடு சேரும் பாணந்துறைக் கழிமுகம். நீர்கொழும்பில் கம்பு நட்டுக் கட்டும் கட்டுடெல் வலைக்காரர்களின் இடங்கள் பரம்பரை உரிமை, அவற்றுக்குள் கூடு போடக் கூடாது. பொல்கொடவில் முதலை உண்டு. கடலிலும் வரும்: 2022 ஜனவரியில் கல்கிசைக் கடலில் ஒரு சுழியோடி முதலை தாக்கி இறந்தார். ஆகவே நண்டு பிடிப்பது மேடையிலிருந்தும் பாலத்திலிருந்தும் தோணியிலிருந்துமே தவிர, முழங்கால் தண்ணீரில் நின்றல்ல. பிள்ளைகள் காலைத் தொங்கப்போட்டு இருக்கவும் விட வேண்டாம்.

எளிய கருவி வளைய வலை. 6 மில்லிமீற்றர் கம்பியில் 60 செ.மீ. விட்டமுள்ள வளையம் ஒன்று, அதில் 5 செ.மீ. கண் வலையை ஒரு சாண் ஆழத்துக்குத் தொய்வாகக் கட்டுங்கள். வளையத்தில் சம தூரத்தில் மூன்று கயிறு, ஒவ்வொன்றும் அரை மீற்றர், மேலே ஒன்றாக முடிந்து பத்து மீற்றர் கயிற்றில் சேர வேண்டும். மூன்றும் ஒரே நீளமா என்று தூக்கிப் பாருங்கள். ஒன்று கட்டையாக இருந்தால் வலை சரிந்து நண்டு அந்தப் பக்கத்தால் நடந்து போய்விடும். நடுவே இரை: பலயா மீன் தலை அல்லது கோழிக் கழுத்து. வெறுமனே வைக்காமல் கம்பியால் வலையோடு சேர்த்து இறுக்கிக் கட்டுங்கள். நண்டு இரையைத் தூக்கிக்கொண்டு போவதற்குத்தான் வருகிறது, போக முடியாமல் நின்று தின்ன வைப்பதே வித்தை. எண்ணெய் கசிகிற மீன் தலை நல்லது, ஆனால் அழுகி நாறுவது வேண்டாம். நண்டு நாற்றத்தைத் தின்னும் என்பது பேச்சு, புதிய இரைக்கே கூட வரும்.

பெருக்கு ஏறத் தொடங்கும்போது, முடிந்தால் இருட்டும் நேரத்தில், ஓடை வாயிலோ பாலத் தூணடியிலோ இறக்குங்கள். கயிறு தொய்ந்தால் வலை தரையில் விரிந்துவிட்டது. பத்து நிமிடம். முதல் அரை மீற்றரை மெதுவாக, கயிறு நிமிரும்வரை. அதன்பின் நிறுத்தாமல் ஒரே சீராக, கை மாற்றி மாற்றி வேகமாக. நடுவில் ஒரு கணம் நின்றாலும் நண்டு நீந்தி விளிம்பைத் தாண்டும். புதியவர்கள் நண்டைத் தவறவிடுவது அந்த நிறுத்தத்தில்தான். மூன்று முறை தூக்கியும் ஒன்றுமில்லையென்றால் இருபது அடி தள்ளி இறக்குங்கள். நாலைந்து வலை இருந்தால் வரிசையாக இறக்கி, கடைசியை இறக்கியதும் முதலாவதைத் தூக்கப் போகலாம்.

மூடிய கூடு விடுகிறவர்கள் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாருங்கள். கூட்டின் கதவை நைலோனால் கட்டாமல் பருத்தி நூலால் கட்டுங்கள். கூடு தொலைந்தாலும் நூல் உக்கிக் கதவு திறக்கும், உள்ளே மாட்டிய நண்டு செத்துக் கிடந்து அடுத்த நண்டுக்கு இரையாவது நிற்கும்.

பிள்ளைகளுக்கு இதைவிட எளிது உண்டு. சணல் நுனியில் கோழிக் காலைக் கட்டி இறக்கி, கயிறு அசைந்ததும் அங்குலம் அங்குலமாக இழுத்து, நண்டு கண்ணுக்குத் தெரியும்போது கீழிருந்து கைப்பிடி வலையால் ஏந்துவது. நண்டுக்குப் பேராசை, தண்ணீர் மட்டம் வரை விடாது.

நீலக்கால் நண்டுக்கு மணல் கரையிலிருந்தே தூண்டில் தடியால் எறியலாம். சவர்க்காரப் பெட்டி அளவு கம்பிவலைக் கூட்டுக்குள் மீன் துண்டை அடைத்து, கூட்டைச் சுற்றி 0.80 தங்கூசியில் ஆறு சுருக்குக் கண்ணிகள். அந்தி நேரத்தில் இருபது மீற்றருக்கு எறிந்து பத்து நிமிடம் கழித்து ஒரு வெட்டு வெட்டிச் சுருக்கை இறுக்கி, தளரவிடாமல் சுருட்டுங்கள். தளர்ந்தால் சுருக்கும் தளரும். முன்பு வெறும் முள் வந்த இடம் ஞாபகம் இருக்கிறதா, அங்கே எறியுங்கள்.

பிடிப்பது பின்னாலிருந்து, கடைசித் துடுப்புக் கால்கள் உடம்போடு சேரும் இடத்தில் பெருவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே. களி நண்டின் கொடுக்கு விரலை நசுக்கிவிடும். கவ்விவிட்டால் இழுக்காதீர்கள், இழுக்க இழுக்க இறுக்கும். கையோடு தண்ணீருக்குள் விட்டால் தப்பிப்போகும் எண்ணத்தில் தானே விடும்.

இனி எதை வைப்பது, எதை விடுவது. வயிற்று மடல் ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். மடலுக்குக் கீழே மஞ்சளாகவோ கறுப்பாகவோ முட்டை பஞ்சுபோல் பொங்கி நின்றால் உடனே விடுங்கள். நீலக்கால் நண்டு ஓட்டின் குறுக்கே 10 செ.மீ., களி நண்டு 12 செ.மீ.க்குக் குறைந்தாலும் விடுங்கள். பிறகு சதை பார்க்க வேண்டும்: வயிற்றுப் பக்கத்தில், கடைசிக் கால்களுக்கு அருகே ஓட்டைப் பெருவிரலால் அமத்துங்கள். கல்லுப்போல் நின்றால் சதை நிறைந்தது. உள்வாங்கினால் அண்மையில் ஓடு மாற்றியது, வெட்டினால் உள்ளே தண்ணீர்தான். நிலவு நண்டில் சதையில்லை என்று வீட்டில் சொல்வார்கள். பூரணையா அமாவாசையா என்று பார்ப்பதைவிட இந்த அமத்தல் நம்பகமானது.

வீட்டுக்குக் கொண்டுபோவது

மீனை ஷொப்பிங் பையில் வெயிலில் வைத்தால் வீடு போய்ச் சேருமுன் போய்விடும். ரெஜிபோம் பெட்டியில் பாதி ஐஸ், அது மூடும் அளவு கடல் தண்ணீர். பிடித்ததும் செவுளை வெட்டி இரத்தம் வடியவிட்டு உள்ளே போடுங்கள். கும்பளா, சூரை வகைக்கு இது இன்னும் முக்கியம். வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும், சமைத்தாலும் அழியாது, தின்ற அரை மணித்தியாலத்தில் முகம் சிவந்து உடம்பு தடிக்கும்.

நண்டு இதற்கு நேர்மாறு. வாளித் தண்ணீரில் போட்டால் அந்தத் தண்ணீரின் ஒட்சிசனை ஒரு மணித்தியாலத்தில் குடித்து முடித்துவிட்டு மூச்சடைத்துச் செத்துப்போகும். கடல் தண்ணீரில் நனைத்த சணல் சாக்கில் போட்டு நிழலில் வைத்தால் செவுள் ஈரமாக இருக்கும்வரை உயிரோடிருக்கும். களி நண்டு இப்படி ஒரு நாள் முழுக்கத் தாங்கும். நீலக்கால் நண்டுக்கு அந்த உரம் இல்லை, அதைப் பிடித்ததும் ஐஸில் வைப்பதே சரி. வழியிலேயே செத்து எவ்வளவு நேரமாயிற்றென்று தெரியாத களி நண்டைச் சட்டியில் போடாதீர்கள். உயிர் நண்டை அரை மணித்தியாலம் ஐஸ் தண்ணீரில் விறைக்க விட்டுவிட்டு வெட்டினால் அது துடிக்காது, காலைக் கழற்றிப் போடாது, கொடுக்கும் கையைத் தேடாது. குழம்புக்கு முருங்கையிலை எடுத்து வைத்திருக்கிறீர்கள்தானே.

குழம்பு கொதிக்கும்போது ரீலை மறந்துவிடாதீர்கள். டிராக்கை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரைக் கையால் தெளித்துக் கழுவுங்கள். பைப்பை வேகமாகத் திறந்து அடித்தால் வெளியே இருந்த உப்பு உள்ளே போய்ப் பற்சக்கரத்தில் குந்திவிடும். துடைத்து நிழலில் காயவிட்டு, டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். பாவித்த முட்களைத் தனியாகக் கழுவி, காய்ந்தபின் மட்டும் பெட்டியில் போடுங்கள். நனைந்த ஒரு முள் பெட்டியிலுள்ள எல்லா முள்ளையும் துருப்பிடிக்க வைக்கும்.